சட்ட உதவியை எங்கே நாடுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சாதி வன்கொடுமை பற்றிய தங்கள் தலையங்கம், ‘பாதிக்கப்பட்டோர் உரிய சட்ட உதவியை நாட வேண்டும்’ என்று முடிந்திருந்தது. அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடப்பவர் எங்கே போவார், எதைக் கேட்பார்? அதற்கு ஒரு வரி ஒதுக்கத் தங்களுக்கு மனம் வரவில்லையே என்ற வருத்தத்தில் எழுதுகிறேன்.

தாங்கள் அறியாததல்ல, ஸ்டேஷனில் முதலில் கையில் திணிப்பது மனு ரசீதைத்தான்; அது புகார் வாங்கியதற்கான சீட்டு, வழக்குப் பதிவு அல்ல. எஃப்.ஐ.ஆர். போட மறுத்தால் புகாரை எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்ப, பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 1995ஆம் ஆண்டு விதிகளில் 5ஆவது விதி இடம் தருகிறது. தபால் ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். புகாரில் ‘சாதியைச் சொல்லித் திட்டினார்’ என்று மட்டும் எழுதினால் வழக்கு நிற்பது கடினம். வாயிலிருந்து வந்த வார்த்தை அப்படியே வேண்டும். எந்த இடம், அங்கே நின்று கேட்டவர்கள் யார் என்பதும் வேண்டும். பொதுமக்கள் பார்வையில் நடந்தது என்று காட்ட முடியாமல்தான் பல வழக்குகள் கோர்ட்டில் விழுகின்றன. அடித்தும் இருந்தால், காயம் விளைவித்தல் போன்ற குற்றங்களுக்கான அச்சட்டத்தின் 3(2)(வி.ஏ) பிரிவு சேர்ந்திருக்கிறதா என்று எஃப்.ஐ.ஆர். நகலில் பார்க்க வேண்டும். நகல் இலவசம்.

டி.எஸ்.பி.க்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும். குற்றப்பத்திரிகைக்கு 60 நாள். அரசு தரும் நிவாரணத் தொகைக்குத் தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதே இல்லை. கொலை வழக்கில் பிரேதப் பரிசோதனை முடிந்ததும் பாதித் தொகை வர வேண்டும். எதிராளி ஜாமீன் கேட்டால் பாதிக்கப்பட்டவருக்கு முன்கூட்டியே தகவல் தர வேண்டும், அவர் சொல்வதையும் கோர்ட் கேட்க வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 15ஏ பிரிவு. இதை யாரும் சொல்லாததால், ஜாமீனில் வந்தவர் தெருவில் நடக்கும்போதுதான் குடும்பத்துக்கே விஷயம் தெரிகிறது.

நெடுநாள் குறை இன்னும் உண்டு. சமரசத்துக்கு இழுப்பதற்காகவே கொடுக்கப்படும் எதிர்ப் புகாரை முதல் புகாருக்குச் சமமாக வெளியிடுகிறீர்கள். சாட்சி சொல்ல வேண்டியவர்களின் வீட்டுப் படத்தைத் தெருப் பெயரோடு போடுகிறீர்கள். நிவாரணத் தொகையைக் கொட்டை எழுத்தில் போடுகிறீர்கள். இச்சட்டம் நடைமுறையாவதைப் பார்க்க, விதிப்படி மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டிய விழிப்புக் கண்காணிப்புக் குழுவின் கூட்டம் மாவட்டத்தில் நடந்ததா என்று ஒருமுறையும் கேட்டதில்லை.

இத்தகைய செய்தி வரும்போதெல்லாம் அதன் கீழே ஒரு சிறு கட்டம் போடுங்கள்: வன்கொடுமை உதவி எண் 14566, இலவச சட்ட உதவி 15100. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இந்தச் சட்ட உதவிக்கு வருமான வரம்பு கிடையாது என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
வன்கொடுமை வழக்குகளில் துணைநிற்கும் வாசகர்