நீர் வார்ப்பதும் தர்ப்பணமும்

அன்புள்ள தேன்மொழிக்கு,

பாங்காக்கில் உன் தோழியின் அப்பாவுக்கு நூறாம் நாள் சடங்கு, அங்கேயும் நீர் வார்க்கிறார்களாம், "நம்ம தர்ப்பணமேதானே அப்பா?" என்று கேட்டிருந்தாய். பார்க்க அப்படித்தான் இருக்கும். இந்து சமயமும் பௌத்தமும் எங்கே பிரிகின்றன என்பதையும் அந்த ஒரு சடங்கை வைத்தே சொல்லிவிடலாம்.

முதலில் செய்முறை. நீர் நிறைந்த சிறு கெண்டியும் ஒரு கிண்ணமும் தருவார்கள். மூத்த பிக்கு "யதா வாரிவஹா" என்ற பாலி மொழி வரியைத் தனியாகத் தொடங்கியதும் ஊற்ற ஆரம்பி. தாரை அறாமல் விழட்டும், விரலைக் குறுக்கே வைக்காதே. மற்ற பிக்குகள் "ஸப்பீதியோ" என்று சேருவதற்குள் நீர் தீர்ந்திருக்க வேண்டும். புதிதாகச் செய்கிறவர்கள் சொட்டுச் சொட்டாக விட்டுக் கடைசியில் அவசரமாகக் கவிழ்ப்பார்கள். முடிந்ததும் கைகூப்பிக்கொள். கிண்ணத்து நீர் மரத்தடிக்குப் போக வேண்டும்.

தர்ப்பணத்தில் எள்ளும் நீரும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே இறங்கும். கோத்திரமும் பெயரும் சொல்லி, அப்பாவை வசுவாகவும் தாத்தாவை ருத்திரராகவும் கொள்ளுத்தாத்தாவை ஆதித்தராகவும் பாவித்துக் கொடுக்கிறோம். அது அவர்களுக்கு உணவு, வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறார். அங்கே நீர் வெறும் அடையாளம். பிக்குகளுக்கு உணவிட்டதால் வந்த புண்ணியத்தைத்தான் மறைந்தவருக்குப் பங்கு வைக்கிறார்கள். நிறைந்த ஆறுகள் கடலை நிரப்புவதுபோல் இங்கே கொடுத்தது மறைந்தோரைச் சேரும் என்பதுதான் அவர்கள் ஓதும் வரி.

சரி, ஒரு பிறவியிலிருந்து அடுத்ததற்குப் போகிறவர் யார்? சண்டையே அதில்தான்.

பௌத்தம் இந்து சமயத்தின் கிளை என்று சிலர் சொல்வதை நான் ஒப்புவதில்லை. ரிக் வேதத்தின் 1,028 சூக்தங்களில் வேள்விதான் மையம், மறுபிறப்புக் கொள்கை தெளிவாக இல்லை. பிருகதாரண்யக உபநிடதத்தில், செத்தபின் மனிதன் என்ன ஆகிறான் என்று ஆர்த்தபாகர் கேட்கிறார். "என் கையைப் பிடி, இதைச் சபையில் பேச வேண்டாம்" என்று யாக்ஞவல்கியர் அவரைத் தனியே அழைத்துப் போகிறார். இருவரும் பேசியது கர்மத்தைப் பற்றி. அன்றைக்கு அது அவ்வளவு புதிது என்றே எனக்குப் படுகிறது. சமணர், ஆசீவகர், புத்தர் எல்லோரும் அதே கங்கைச் சமவெளியில் இதே கேள்வியோடு மல்லுக்கட்டியவர்கள்தான்.

உடல் மாறினாலும் ஆன்மா மாறாது என்பது உபநிடதத்தின் பதில். புத்தர் அதை ஏற்கவில்லை. உருவம், நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, அறிவு என்ற ஐந்து கந்தங்களை, அதாவது கூறுகளைத் தாண்டி "நான்" என்று எதுவும் இல்லை என்றார். ஸாதி என்ற பிக்கு, இதே அறிவுதான் மாறாமல் பிறவிதோறும் ஓடுகிறது என்று சொல்லித் திரிந்தபோது, கூப்பிட்டு நன்றாகவே கண்டித்தார். விறகில் எரிந்தால் விறகுத் தீ, புல்லில் எரிந்தால் புல் தீ. சார்பு இல்லாமல் அறிவு எழாது என்பது அவர் விளக்கம். இந்தச் சார்புச் சங்கிலியின் 12 கண்ணிகளையும் "பேதைமை, செய்கை, உணர்வு..." என்று நம் மணிமேகலையே வரிசைப்படுத்தியிருக்கிறது.

வினையிலும் வேறுபாடு உண்டு. புத்தருக்கு எண்ணம்தான் வினை. கொலைப் பாவம் சேர உயிர் இருக்க வேண்டும், அது உயிர் என்று தெரிய வேண்டும், கொல்லும் எண்ணம், முயற்சி, அதனால் சாவு என்று ஐந்தும் கூட வேண்டும் என்று தாய்லாந்தில் வழங்கும் தேரவாதப் பௌத்தப் பிரிவின் உரைகள் கணக்குச் சொல்கின்றன. இருட்டில் தெரியாமல் எறும்பை மிதித்தால் கணக்கில் வராது.

பாங்காக்கின் ஏராவான் கோயிலில் இருக்கும் பிரம்மாவைப் பார்த்து, இரண்டும் ஒன்றுதான் என்று ஏமாறாதே. தெய்வங்கள் இரு பக்கமும் உண்டு. பௌத்தத்தில் பிரம்மாவுக்கும் ஆயுள் முடியும், அவ்வளவுதான். தாய்லாந்து அரசவைப் பிராமணர்கள் மார்கழித் திருவெம்பாவையையே ஓதி வருகிறார்கள், தெரியுமா?

பிக்குகள் நண்பகலுக்குப் பின் உண்ணமாட்டார்கள். கொண்டுபோகிற உணவை 11 மணிக்குள் சேர்த்துவிடு. நேரே கையில் கொடுக்காதே, பெண்கள் கொடுத்தால் பிக்கு விரிக்கும் துணியில் வை. தோழியின் அம்மாவிடம் "ஆன்மா சாந்தியடையட்டும்" என்பதை மொழிபெயர்த்துச் சொல்லாதே. "நற்கதி சேரட்டும்" என்பதுதான் அங்கே வழக்கம்.

அன்புடன்,
அப்பா