பிரேக் பேட் மாற்றப் போகும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

காரின் முன் சக்கர பிரேக் பேடை நீயே மாற்றப் போவதாக எழுதியிருந்தாய். தாராளமாகச் செய். வேலை அவ்வளவு கஷ்டமில்லை, சரியான பேடை வாங்குவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கடையில் வண்டியின் பெயரையும் வருடத்தையும் மட்டும் சொல்லாதே. ஒரே மாடலில் இரண்டு விதமான காலிப்பர் (பேடைப் பிடித்து பிரேக் தட்டில் அழுத்தும் பாகம்) வந்திருக்கக்கூடும். 17 இலக்க சேசிஸ் நம்பரைக் கொடு. பழைய பேடின் முதுகில் நம்பர் இருந்தால் அதையும் காட்டு.

காயலான் கடைச் சாமான் எனக்கு ஆகாது என்றில்லை. கண்ணாடி, கதவுக் கைப்பிடி, ஆல்டர்னேட்டர் எல்லாம் அங்கே தேடலாம். பிரேக் பேட், ரப்பர் ஹோஸ், டைமிங் பெல்ட் மூன்றும் புதிதாகத்தான் இருக்க வேண்டும்.

கருவிக்குப் பெரிதாகச் செலவு செய்யாதே. காலிப்பர் பிஸ்டனை உள்ளே தள்ள ஒரு சி-கிளாம்ப் (திருகி நெருக்கும் C வடிவக் கருவி) போதும், நடுவில் பழைய பேடை வைத்து மெதுவாகத் திருகு. அப்போது மேலே பானெட்டுக்குள் இருக்கும் டப்பாவில் பிரேக் ஆயில் ஏறும், ஒரு கண் வைத்துக்கொள். வழிந்து பெயின்ட்டில் பட்டால் அரித்துவிடும். கழற்றிய காலிப்பரை ஹோஸில் தொங்க விடாதே, துணி மாட்டும் ஹேங்கர் கம்பியை வளைத்து சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் கட்டிவிடு. (பின் சக்கரத்துக்கு இதே வித்தை செல்லாது. பல வண்டிகளில் அந்தப் பிஸ்டனைத் திருகித்தான் உள்ளே இறக்க வேண்டும்.)

டார்க் ரெஞ்ச் (நட்டை எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் ஸ்பேனர்) இல்லையே என்று கேட்டிருந்தாய். பெட்டி எடை பார்க்கும் தொங்கு தராசு இருக்கிறதல்லவா? வீல் நட்டை எத்தனை நியூட்டன் மீட்டர் (இறுக்கத்தின் அளவு) இறுக்க வேண்டும் என்று வண்டியோடு வந்த புத்தகத்தில் பார். 100 என்று வைத்துக்கொள்வோம். நட்டின் நடுவிலிருந்து சரியாக அரை மீட்டர் தள்ளி ஸ்பேனர் பிடியில் தராசை மாட்டி, பிடிக்குச் செங்கோணத்தில் இழு. 20 கிலோ காட்டினால் கணக்கு ஏறக்குறைய சரி. கோணம் சாய்ந்தால் கணக்கும் சாயும். பிடி குட்டையாக இருந்தால் இரும்புக் குழாயைச் செருகி நீட்டிக்கொள். இறுகிப்போன நட்டைக் கழற்றவும் அந்தக் குழாய் உதவும். ஆனால் அறுமுனை சாக்கெட்டாகப் போடு, பன்னிரண்டு முனை என்றால் நட்டு சீக்கிரம் மழுங்கிவிடும்.

வண்டியைத் தாங்கும் விஷயத்தில் மட்டும் உன் கெட்டிக்காரத்தனம் வேண்டாம். ஜாக்கி தூக்குவதற்குத்தான், தாங்குவதற்கு ஆக்சில் ஸ்டாண்ட் வேண்டும். செங்கல், ஹாலோ பிளாக் எல்லாம் முன்னறிவிப்பே இல்லாமல் உடையும். ஸ்டாண்டைக் கடன் வாங்கியாவது வை. அது கிடைக்கும்வரை வேலையைத் தள்ளிப் போடு, ஒன்றும் குடிமுழுகிவிடாது.

அப்புறம், எல்லாம் மாட்டி முடித்ததும் கியரைப் போடுவதற்கு முன் பிரேக் பெடல் கெட்டியாகும்வரை மிதி. முதல் சில மிதிகள் தரைவரை போகும், பயப்படாதே. ஆயில் அளவையும் ஒரு தடவை பார்த்துவிடு.

அன்புடன்,
அப்பா