கோயில் கணக்கும் கொம்பும் காலும்

சுங்கை சிப்புட், மலேசியா

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலிதான் விட்டபாடில்லை. சரி, எந்தக் கணினியில் திறந்தாலும் பக்கம் கலையாத பிடிஎஃப் கோப்பு செய்யும் மென்பொருளுக்கு மாதாமாதம் பணம் கட்டுகிறேன் என்றாயே, அது வேண்டாம். ஒரு காசு செலவில்லாமல் வேலை முடிந்தது.

மாரியம்மன் கோயில் ஆண்டுக் கணக்கைத் தட்டச்சு செய்து, அச்சடிக்க டவுன் கடை ஒன்றுக்குப் புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்பினேன். அவர்கள் கணினியில் என் எழுத்துரு இல்லை. ‘கோயில்’ என்ற சொல்லிலேயே கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். கூட்டுத்தொகை அடுத்த பக்கத்துக்கு ஓடிவிட்டது. கூட்டத்தில் தலைவர், "கிராணியாரே, மொத்தம் எங்கே?" என்றார். முப்பது வருஷம் தோட்ட ஆபீசில் கணக்கு எழுதியவனிடம்!

அப்புறம் பக்கத்து வீட்டுப் பையன் லிப்ரே ஆபீஸ் போட்டுக் கொடுத்தான். 2010 முதல் பல நாட்டு ஆர்வலர்கள் சேர்ந்து வளர்க்கும் இலவச மென்பொருளாம். ஃபைல், எக்ஸ்போர்ட் ஆஸ், பிடிஎஃப், அவ்வளவுதான். எழுத்துருவும் கோப்புக்குள்ளேயே போய்விடுகிறது. கட்டுச்சோறு கொண்டு போகிறவன் வழியில் கடை தேடுவானா?

திருவிழாப் படங்களைச் சேர்த்ததும் கோப்பு வீங்கி 20 எம்பியைத் தாண்டியது. அதே எக்ஸ்போர்ட் பெட்டியில் படங்களை 300 டிபிஐயிலிருந்து (அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு) 150க்கு இறக்கினேன், இளைத்துவிட்டது. காவடிப் படம் கொஞ்சம் மங்கல், போகட்டும்.

1998 கூட்டக் குறிப்புகளை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. அன்றைக்கு ஏதோ ஓர் எழுத்துருவில் அடித்தது, இன்று திறந்தால் ஆங்கில எழுத்தும் கோணல் குறியுமாகக் கொட்டுகிறது. பிடிஎஃப் 1993லேயே வந்துவிட்டது, நமக்குத்தான் தெரியவில்லை. காகிதப் பிரதியைப் பார்த்து மறுபடி அடிக்கிறேன், மார்ச் மாதம் வரை வந்தாயிற்று. முடிந்ததும் பிடிஎஃப்/ஏ வகையில் சேமிப்பேன், நெடுநாள் காப்பதற்கென்றே உள்ளது அது.

இத்துடன் இந்த வருஷக் கணக்கு இருக்கிறது. ‘ஹைப்ரிட்’ கட்டத்தில் டிக் போட்டதால் மூலக் கோப்பும் உள்ளேயே இருக்கும். உங்கள் உபயம் 4ஆம் பக்கம். மாப்பிள்ளை பெயருக்கு ‘ர’வா ‘ற’வா என்று சந்தேகம். லிப்ரே ஆபீஸில் திறந்து நீயே திருத்தி அனுப்பு. கூட்டம் நடந்து 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவில் கணக்கு ஒப்படைக்க வேண்டும், இழுத்தடிக்காதே.

அப்பா