குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். செயற்குழு மாதந்தோறும் கூடியது. தெருவிளக்கு, வடிகால் தொடர்பான மனுக்கள் உரிய இடங்களுக்குப் போயின. வந்த பதில்கள் அறிவிப்புப் பலகையில் இருக்கின்றன. வராதவற்றுக்கு நினைவூட்டுக் கடிதம் எழுதியிருக்கிறோம். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

ஆனால் இந்த ஆண்டு கூட்டத்திலும் தெருமுனையிலும் அதிகம் பேசப்பட்டது வேறு: வீட்டு மோட்டாரைச் சூரிய மின்சாரத்தில் ஓட்டுவது, வெயில் இல்லாதபோது லைன் கரண்டுக்கு மாற்றிக்கொள்வது. இதற்காக அமைத்த துணைக்குழு, பேனல் போட்ட வீடுகளைப் போய்ப் பார்த்தும், வேலை செய்த எலெக்ட்ரீஷியன்களிடம் கேட்டும் திரட்டியதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

“மொட்டை மாடியில்தான் பேனல் இருக்கிறதே, கரண்ட் போனால் மோட்டார் ஏன் ஓடவில்லை?” இதுதான் அடிக்கடி வந்த கேள்வி. லைனோடு சேர்ந்து ஓடும் சாதாரண சோலார் இன்வெர்ட்டர், லைன் போனதும் தானும் நின்றுவிடும். அது பழுது அல்ல. கம்பத்தில் ஏறி வேலை பார்ப்பவர் மேல் நம் வீட்டு மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்காக அப்படித்தான் செய்திருக்கிறார்கள். விற்கும்போது இதைச் சொல்லவில்லையே என்று சில உறுப்பினர்களுக்குக் கோபம், நியாயம்தான். அந்த முறை மின்கட்டணத்தைக் குறைக்கும். கரண்ட் இல்லாத நேரத்தில் தண்ணீர் தராது.

சரி, பேட்டரி வைத்தால்? 1 குதிரைத்திறன் என்பது 746 வாட். அது மோட்டார் தரும் வேலை. அதற்கு அது இழுப்பது 1,000 வாட்டுக்கு மேலேயே வரும். ஓடும்போது 6, 7 ஆம்பியர் எடுக்கும் மோட்டார், கிளம்பும் கணத்தில் அதைப் போல 5, 6 மடங்கு கேட்கும். விளக்குக்கும் ஃபேனுக்கும் வாங்கிய இன்வெர்ட்டர் அந்தக் கணத்திலேயே கையை விரித்துவிடும். இந்த ஒரு நொடிக்காகப் பெரிய இன்வெர்ட்டரும் பேட்டரியும் வாங்குவது வீண் என்பது துணைக்குழுவின் கருத்து, என் கருத்தும் அதுவே.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,000 லிட்டரை 30 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற, இழப்பே இல்லாவிட்டால், 0.08 யூனிட் போதும். பம்பிலும் மோட்டாரிலும் வீணாவதைச் சேர்த்தாலும் கால் யூனிட் அளவில் முடிந்துவிடும். பகலில் ஏற்றிய தண்ணீர் ராத்திரி முழுக்கத் தொட்டியிலேயே இருக்கப் போகிறது. பேட்டரிக்குச் செலவழிக்கும் பணத்தில் இன்னொரு தொட்டி வைத்துக்கொள்வது மேல். கட்டடம் அந்த எடையைத் தாங்குமா என்று மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். 1,000 லிட்டர் என்றால் ஒரு டன்.

ஆக, பேனலிலிருந்து நேராக மோட்டாரை ஓட்டும் சோலார் பம்ப் ட்ரைவ் என்ற வேகக் கட்டுப்பாட்டுக் கருவிதான் வீட்டுக்குப் பொருத்தம். அது மோட்டாரை மெதுவாகக் கிளப்புவதால் அந்த ஆரம்ப இழுப்பு வராது. வெயில் ஏற ஏற வேகத்தைக் கூட்டும், மேகம் வந்தால் குறைத்துக்கொள்ளும். ஒரு நிபந்தனை உண்டு. கெப்பாசிட்டர் வைத்த சிங்கிள் பேஸ் மோட்டாரைச் சாதாரண ட்ரைவில் மாட்டக் கூடாது. கெப்பாசிட்டர் சூடேறிப் போய்விடும். த்ரீ பேஸ் மோட்டாரோ, தனக்கென ட்ரைவோடு வரும், பிரஷ் இல்லாத பி.எல்.டி.சி. மோட்டாரோ வேண்டும். “எங்கள் வீட்டில் சிங்கிள் பேஸ் இணைப்புதானே?” என்று பலர் கேட்டார்கள். கவலை வேண்டாம். ட்ரைவ் உள்ளே வரும் மின்சாரத்தை டி.சி. (பேனல் தருவதுபோல ஒரே திசையில் ஓடும் மின்சாரம்) ஆக்கி, அதிலிருந்து தானே த்ரீ பேஸ் உண்டாக்கிக்கொள்ளும்.

பலர் இடறியது பேனல் எண்ணிக்கையில். 550 வாட் பேனல் 4 போட்டால் 2,200 வாட். 1 குதிரைத்திறன் மோட்டாருக்கு அது தாராளம். ஆனால் மோட்டார் முக்கும், வேகம் எடுக்காது. வாட் போதும், வோல்ட் போதாது என்பதுதான் காரணம். 220 வோல்ட் மோட்டாருக்கு முழு வேகம் தர ட்ரைவுக்கு 310 வோல்ட் டி.சி. வேண்டும். அந்த வகைப் பேனல் ஒன்று வேலை செய்யும்போது தருவது சுமார் 40 வோல்ட். 4 பேனலை வரிசையாகக் கோத்தால் 160-தான். வாட் குறைந்த 40 வோல்ட் பேனல்களாக 8 கோக்கலாம். அல்லது குறைந்த வோல்ட்டை உள்ளேயே உயர்த்திக்கொள்ளும் ட்ரைவாகப் பார்த்து வாங்கலாம். அதற்காக அளவில்லாமல் கோக்கவும் கூடாது. சுமை இல்லாதபோது பேனலின் வோல்ட் இன்னும் ஏறும், குளிர்ந்த காலைவேளையில் அதற்கும் மேலே போகும். ட்ரைவின் மேல் அச்சிட்டிருக்கும் உச்ச வோல்ட்டைத் தாண்டினால் ட்ரைவ் போச்சு.

ஓர் உறுப்பினர் வீட்டில் காலையில் மோட்டார் ஓடும் சத்தம் கேட்கிறது, ட்ரைவின் திரையில் 35 ஹெர்ட்ஸ் என்று எரிகிறது, தொட்டி வாயில் ஒரு சொட்டு இல்லை. போர்வெல் வறண்டுவிட்டது என்றே பயந்துவிட்டார்கள். விஷயம் அதுவல்ல. மோட்டாரின் முழு வேகம் 50 ஹெர்ட்ஸில்தான்; 35 என்றால் வேகம் 70 சதவீதம். வேகம் 70 சதவீதம் ஆனால் தண்ணீரைத் தூக்கும் உயரம் பாதிக்கும் கீழே, 49 சதவீதமாக இறங்கிவிடும். 50 ஹெர்ட்ஸில் 60 மீட்டர் தூக்கும் பம்ப் 35-இல் 30 மீட்டரைக்கூட எட்டாது. தண்ணீர் பாதிக் குழாயில் நிற்க, மோட்டார் வீணே சுற்றிச் சூடாகும்; போர்வெல்லுக்குள் மூழ்கியிருக்கும் சப்மெர்சிபிள் மோட்டாரைக் குளிர்விப்பதே அதைத் தாண்டி ஓடும் தண்ணீர்தான். குறைந்தபட்ச ஹெர்ட்ஸை உயர்த்தி வைத்ததும் சரியாகிவிட்டது. மாட்டும் அன்றே தண்ணீர் எந்த ஹெர்ட்ஸில் விழ ஆரம்பிக்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் லைன் கரண்ட். இங்கேதான் பாதி வீடுகளில் பேனல் சும்மா கிடக்கிறது. தொட்டியின் நீர்மட்டத்தைப் பார்த்து மோட்டாரைப் போட்டு நிறுத்தும் ஃப்ளோட் சுவிட்ச் ஒன்றை மட்டும் வைத்து, தொட்டி குறைந்தால் எந்த மின்சாரம் இருக்கிறதோ அதில் ஓடு என்று விட்டுவிடுகிறார்கள். விடியற்காலையில் குளிக்க, துவைக்கத் தண்ணீர் இறங்கும், வெயில் இல்லை, லைனில் ஓடித் தொட்டி நிரம்பிவிடும். பத்து மணிக்கு நல்ல வெயில் வரும்போது ஏற்ற இடமில்லை. இரண்டு ஃப்ளோட் வையுங்கள். சோலாரின் ஃப்ளோட் விளிம்புவரை. லைனின் ஃப்ளோட் கீழே: கால் தொட்டிக்கு இறங்கினால்தான் ஓட வேண்டும், அரைத் தொட்டியில் நின்றுவிட வேண்டும். மீதி வெயிலுக்கு.

லைனையும் பேனலையும் ஒரே நேரத்தில் ஏற்கும் ட்ரைவ்கள் உண்டு, ஏற்காதவையும் உண்டு. அதோடு வரும் கையேட்டில் ஏற்கும் என்று எழுதியிராவிட்டால், நடுவில் ‘ஆஃப்’ நிலை உள்ள சேஞ்ச் ஓவர் சுவிட்ச் கட்டாயம். ஒன்றை முழுதாக விட்ட பிறகே மற்றதைத் தொட வேண்டும். பேனல் பக்கம், லைன் கரண்டுக்கான (ஏ.சி., அதாவது திசை மாறி மாறி ஓடும் மின்சாரத்துக்கான) சாதாரண எம்.சி.பி.யை, அதாவது மின்னோட்டம் மிஞ்சினால் தானே துண்டிக்கும் சுவிட்சை, வைக்காதீர்கள். 50 ஹெர்ட்ஸ் ஏ.சி. மின்னோட்டம் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடுவதால் சுவிட்ச் திறக்கும்போது தீப்பொறி தானே அணையும். டி.சி.யில் அந்த இடைவெளியே கிடையாது. ஒரு வீட்டில் கழற்றி வந்த எம்.சி.பி.யைக் கூட்டத்தில் கைமாற்றிப் பார்த்தோம்: உள்தகடுகள் உருகி ஒட்டி, கைப்பிடி ‘ஆஃப்’ காட்டினாலும் மின்சாரம் போய்க்கொண்டிருந்திருக்கிறது. டி.சி.க்கென்றே உள்ளதை வாங்குங்கள். பேனல் சட்டத்துக்கு எர்த், மின்னலால் திடீரென ஏறும் வோல்ட்டைத் தடுக்கும் சர்ஜ் பாதுகாப்பு, தண்ணீர் தீர்ந்தால் நிறுத்தும் ட்ரை ரன் அமைப்பு ஆகிய மூன்றிலும் சிக்கனம் பார்க்க வேண்டாம். ட்ரைவை நிறுத்திய உடனே மூடியைத் திறக்கவும் கூடாது. உள்ளே சில நிமிடம் மின்சாரம் தங்கியிருக்கும்.

வரும் ஆண்டுக்கு இரண்டு கோரிக்கைகள். துணைக்குழு இன்னும் ஓராண்டு தொடர வேண்டும்; பேனல் வாங்க நினைப்பவர் தம் போர்வெல்லில் மோட்டார் ஓடும்போது தண்ணீர் நிற்கும் ஆழம், தொட்டியின் உயரம், மாடியில் நிழல் விழும் நேரம் மூன்றையும் எழுதிக்கொடுத்தால் துணைக்குழுவினரே கணக்குப் போட்டுத் தருவார்கள். அடுத்தது, டி.சி. மின்னோட்டம் அளக்கும் கிளாம்ப் மீட்டர் ஒன்றைச் சங்கச் செலவில் வாங்கி உறுப்பினர்களுக்கு இரவலாகத் தர அனுமதி வேண்டும். இவ்விரண்டோடு இந்த அறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்