மீத்தேனும் மெத்தனாலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

எண்ணெய்க் கிணறுகளில் வீணே எரிக்கப்படும் மீத்தேன் குறித்த தங்கள் தலையங்கம் காலத்துக்கு ஏற்றது. அதை மெத்தனால் என்னும் திரவ எரிபொருளாக்க, முதலில் ஏறத்தாழ 800 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் நீராவியுடன் வினைபுரியச் செய்து, பிறகு அதில் கிடைக்கும் வாயுக்களை உயர் அழுத்தத்தில் மீண்டும் இணைக்க வேண்டியிருப்பதால், பெரிய ஆலைகளுக்கே அது கட்டுப்படியாகிறது. மின்சாரத்தால் வினையை நிகழ்த்தும் மின்வேதி முறையில் அறை வெப்பநிலையிலேயே, நீரிலிருந்து ஆக்சிஜனைப் பெற்று, இதனை ஆய்வகங்களில் செய்து காட்டியுள்ளனர். ஆனால், மீத்தேனின் கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பை உடைக்க மோலுக்குச் சுமார் 439 கிலோஜூல் தேவைப்பட, விளையும் மெத்தனாலில் உள்ள அதே வகைப் பிணைப்போ அதனினும் வலுக்குறைந்தது என்பதால், மெத்தனால் எளிதில் மேலும் ஆக்சிஜனேற்றமடைந்து கரியமில வாயுவாகிவிடுகிறது. மீத்தேனை உண்டு வாழும் பாக்டீரியாக்கள் தம் நொதியால் சாதாரண வெப்பநிலையிலேயே அதை மெத்தனாலாக்குவது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. மெத்தனால் உருவானதும் வினையை நிறுத்தும் வினையூக்கிக்கான ஆய்வுக்கு அரசு நீண்டகால நிதி ஒதுக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்