அலிஸா வால்டெஸைப் பற்றி எழுதுவதானால் முழுதாக எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் விளையாட்டுப் பக்கத்தின் மூலையில் நாலு வரியில் ஒரு செய்தி பார்த்தேன். பிலிப்பீன்ஸ் கைப்பந்து வீராங்கனை அலிஸா வால்டெஸ் ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்தவர், இப்போது மாற்று ஆட்டக்காரராகத்தான் களம் இறங்குகிறார் என்று எழுதி, 'மங்கிய நட்சத்திரம்' என்று தலைப்பும் கொடுத்திருந்தீர்கள். பக்கத்தில் ஒரு படம், அதுவும் ஏதோ விளம்பரத்துக்கு எடுத்தது, அதில் பந்தே இல்லை. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

கொடி என்று நீங்களே சொன்னதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். 2015 ஜூன் மாதம் தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டி இங்கே சிங்கப்பூரில் நடந்தபோது, தேசிய அரங்கத்தின் தொடக்க விழாவில் பிலிப்பீன்ஸ் கொடியை ஏந்தி முன்னால் நடந்து வந்தவர் இதே அலிஸாதான். அப்போது அவருக்கு 21 வயது, கல்லூரி மாணவி. அவர் பிறந்த கதையிலும் நம் ஊர் இருக்கிறது. 1993இல் இந்தப் போட்டி சிங்கப்பூரில் நடந்தபோது பெண்கள் கைப்பந்தில் தங்கம் வென்றது பிலிப்பீன்ஸ். அதே ஜூன் மாதக் கடைசியில், 29ஆம் தேதி, பத்தாங்காஸ் மாநிலத்தின் சான் ஹுவானில் அலிஸா பிறந்தார். அதற்குப் பிறகு அவர்களுக்குத் தங்கம் அமையவே இல்லை, 2005க்கு அப்புறம் பத்து வருடம் பெண்கள் அணியையே இந்தப் போட்டிக்கு அனுப்பவில்லை. அப்படி ஒரு நாட்டின் அணி திரும்பி வந்தபோதுதான் கொடி இவர் கையில் இருந்தது. பதக்கம் கிடைக்கவில்லை. ஆனால் காலாங்கில் அந்த ஆட்டங்களைப் பார்க்கப் போன எனக்கு இன்னும் கண்ணில் நிற்பது பார்வையாளர் வரிசைதான். ஞாயிற்றுக்கிழமை லக்கி பிளாசாவில் நாம் பார்க்கிற அதே முகங்கள், வீட்டுவேலை செய்கிறவர்கள், தாதியர்கள், லீவு கேட்டு வாங்கி வந்தவர்கள், தொண்டை கட்டும் வரை கத்தினார்கள்.

நான் மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். என் வார்டில் பத்தாங்காஸ்காரப் பெண் ஒருத்தி இருக்கிறாள். இரவு வேலையில் சாப்பாட்டு நேரம் வந்தால் பேன்ட்ரி மேசையில் மைலோ டின் மேல் கைப்பேசியைச் சாய்த்து வைத்து, அன்றைக்கு நடந்த ஆட்டத்தின் பதிவைப் போட்டுவிடுவாள். பள்ளியில் நானும் கைப்பந்து ஆடினவள்தான் என்பதால் அப்படியே பக்கத்தில் உட்கார்ந்து பழகி, இப்போது அவர்கள் அணிகளின் பெயரெல்லாம் எனக்கும் அத்துப்படி. அவர்களுடைய மொழியில் அக்காவை 'ஆத்தே' என்பார்கள். அலிஸாவை அவள் ஒருநாளும் வெறும் பெயர் சொல்லிப் பேசியதில்லை, 'ஆத்தே லை'தான்.

அவள் எனக்கு முதலில் போட்டுக் காட்டியது 2014 பல்கலைக்கழக லீக்கின் இறுதிச் சுற்று. இதைத் தெரிந்துகொள்ளாமல் அலிஸாவைப் பற்றி எழுதவே கூடாது என்று நினைக்கிறேன். பள்ளிப் படிப்புக்கே சொந்த ஊரை விட்டு மணிலா வந்து சாண்டோ தோமாஸ் உயர்நிலைப் பள்ளியில் ஆடிய பெண், கல்லூரிக்கு அத்தெனேயோ பல்கலைக்கழகம் போனார். அங்கே 2012, 2013 இரண்டு வருடமும் இறுதியில் பரம வைரியான டி லா சால் பல்கலைக்கழகத்திடம் தோல்வி. அடுத்த வருடம் மூத்த ஆட்டக்காரர்கள் ஐந்து பேர் படிப்பை முடித்துக் கிளம்பிவிட, அணியில் நிறையப் பேர் புதுப் பிள்ளைகள். டி லா சால் தகுதிச் சுற்றுகளில் ஆடிய 14 ஆட்டத்தையும் ஜெயித்து நேரே இறுதிக்குப் போய்விட்டது. அந்த லீக்கின் விதிப்படி அப்படி ஜெயித்த அணிக்குச் சலுகை உண்டு: டி லா சால் இரண்டு ஆட்டம் ஜெயித்தால் போதும், எதிரணி மூன்று ஜெயிக்க வேண்டும். மூன்றாவது இடத்தில் இருந்த அத்தெனேயோ முதலில் ஆடம்சனை ஒரு முறை, அப்புறம் நேஷனல் யூனிவர்சிட்டியை இரண்டு முறை தோற்கடித்துத்தான் இறுதிக்கே வர முடிந்தது. வந்து, மூன்று வருடம் தொடர்ந்து சாம்பியனாக இருந்த டி லா சாலை மூன்று முறை ஜெயித்தார்கள். இடையில் ஒரே ஒரு தோல்வி. அத்தெனேயோவுக்குப் பெண்கள் கைப்பந்தில் அதுதான் முதல் பட்டம்.

அந்தப் பதிவைப் பார்த்தால் தெரியும், முக்கியமான கட்டம் வந்தாலே அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கிற செட்டர் அதை எங்கே தூக்குவார் என்று அரங்கத்தில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, எதிரணிக்கும் தெரிந்திருக்கிறது, இரண்டு மூன்று பேர் சேர்ந்து தடுக்க எழும்புகிறார்கள். ஆனாலும் பந்து அலிஸாவுக்குத்தான் போகிறது. அவர் ஒன்றும் பனைமர உயரம் கிடையாது, ஐந்தடி ஒன்பது அங்குலம். தடுப்பவர்களின் விரல் நுனியில் உரசி வெளியே போகிற மாதிரி அடிப்பார், அது முடியாதபோது கோட்டோரம் இறக்குவார், பின்வரிசையிலிருந்தும் ஓடிவந்து எம்பி அடிப்பார். புள்ளி விழுந்ததும் எல்லோரும் கூடிச் சிரிக்கிறார்கள். அந்த அணியின் பயிற்சியாளர் தாய்லாந்துக்காரர் தாய் புண்டிட், ஆட்டத்துக்கு முன் பிள்ளைகளைக் கண்ணை மூடித் தியானம் செய்ய வைத்து, ஆடும்போது சந்தோஷமாக ஆடு என்று மட்டும் சொல்கிறவர். தோற்றுத் தோற்றுப் பயந்து போயிருந்த ஓர் அணிக்கு அந்த வார்த்தை எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. அடுத்த வருடம் ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் மீண்டும் பட்டம். 2016இல் திரும்பவும் டி லா சாலிடமே தோல்வி. ஆனாலும் அந்த மூன்று வருடமும் லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருது அலிஸாவுக்கே.

சரி, கல்லூரி முடிந்த பிறகு ஒரு கைப்பந்துப் பெண் என்ன செய்வது? இந்தக் கேள்வியை உங்கள் நிருபர் கேட்டிருக்கலாம். பிலிப்பீன்ஸ் கூடைப்பந்து பிடித்த நாடு. ஆண்களுக்கான தொழில்முறைக் கூடைப்பந்து லீக் 1975லேயே வந்துவிட்டது, ஆசியாவிலேயே அதுதான் முதல். பெண்கள் கைப்பந்து லீக் முதன்முதலாகத் தொழில்முறை லீக்காக ஆடப்பட்டது 2021இல். நாற்பத்தாறு வருட இடைவெளி! கொரோனா காலத்தில் இலோகோஸ் நோர்த்தே மாநிலத்தின் பகார்ராவில், ரசிகர் யாரும் இல்லாத மண்டபத்தில் அது நடந்தது. அதற்கு முன்னால் அலிஸா தாய்லாந்து லீக்கிலும் தைவான் லீக்கிலும் போய் ஆடியிருக்கிறார். 2017இல் ஊரில் கிரீம்லைன் அணியில் சேர்ந்தார். கிரீம்லைன் என்பது ஐஸ்கிரீம் பெயர். அங்கே அணிகளுக்குப் பெரும்பாலும் ஊர்ப்பெயர் கிடையாது, ஐஸ்கிரீம், சாக்லெட் என்று முதலாளி விற்கிற பொருளின் பெயர்தான். அதே அணியில்தான் இன்றுவரை இருக்கிறார்.

இப்போது நீங்கள் எழுதிய விஷயத்துக்கு வருகிறேன். 2022 கடைசியில் அவருக்கு முழங்காலில் அடிபட்டது. எம்பிக் குதித்து அடிப்பதையே தொழிலாகக் கொண்டவருக்கு முழங்கால் போனால் என்ன ஆகும் என்று வார்டில் தினமும் பார்க்கிறவள் நான். இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள் படி இறங்கவே பயப்படுவார்கள், காலை மடக்கச் சொன்னால் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொள்வார்கள். அலிஸா அடுத்த பட்டப் போட்டி முழுவதும் ஆடவில்லை, 2023இல் அவர் இல்லாமலேயே கிரீம்லைன் ஜெயித்தது. இன்னொருத்தராக இருந்தால் அதுவே போதும், மனசு விட்டுப்போக. இவர் திரும்பி வந்தார், முழு நேரம் ஆட முடியாதபோது உள்ளே கூப்பிடும் வரை காத்திருக்கிற இடத்தையும் ஏற்றுக்கொண்டார். அந்த வருட டிசம்பரில் அரனெட்டா அரங்கத்தில் சோகோ முச்சோ என்ற அணியோடு நடந்த இறுதி ஆட்டத்துக்கு வந்த கூட்டம் 24,459 பேர், அந்த லீக்கில் அதுவரை கூடாத கூட்டம். 2024இல் ஒரே வருடத்தில் மூன்று பட்டமும் கிரீம்லைனுக்கே, அதுவும் அதுவரை எந்த அணியும் செய்யாதது.

அந்த வருட ஆட்டம் ஒன்றை என் தோழியோடு பார்த்துக்கொண்டிருந்தேன். 2 எண் சட்டை போட்டவர் மாற்று ஆட்டக்காரராக எழுந்து கோட்டோரம் வந்து நின்றார், அவ்வளவுதான், இன்னும் பந்தைத் தொடவே இல்லை, அரங்கம் அலறுகிறது. இவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள், நோயாளிகள் தூங்குகிறார்களே என்று. உள்ளே போன அலிஸா முதல் வேலையாக எதிரணி அடித்த சர்வீஸைக் குனிந்து எடுத்து செட்டருக்குச் சுத்தமாகக் கொடுத்தார், புள்ளியை வேறொரு பெண் அடித்தாள். அடித்தவளை முதலில் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டவர் அலிஸா. முன்பெல்லாம் தனக்கே வந்த பந்து அது.

இதைத்தான் நீங்கள் மங்கிப் போனது என்று எழுதியிருக்கிறீர்கள். இத்தனை பிலிப்பீன்ஸ் மக்களோடு ஒரே மாடியில், ஒரே வார்டில் வாழ்கிற நாம் அவர்கள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடும் ஒரு பெண்ணைப் பற்றி வருடத்துக்கு நாலு வரி எழுதுகிறோம், அந்த நாலு வரியும் இப்படி இருந்தால் எப்படி ஐயா? என் தோழி என்னிடம் கேட்டாள், உங்கள் பேப்பரில் ஆத்தே லை படம் வந்திருக்கிறதே, என்ன போட்டிருக்கிறார்கள் என்று. நல்லதாகத்தான் போட்டிருக்கிறார்கள் என்று பொய் சொல்ல வேண்டியதாயிற்று.

அரைப் பக்கம் கேட்கிறேன். 2014 இறுதிச் சுற்றிலிருந்து தொடங்குங்கள், முழங்காலையும் எழுதுங்கள், படம் போடும்போது பந்து இருக்கிற படமாகப் போடுங்கள். வெளியானால் அவளுக்கு நானே வரிவரியாகப் படித்துச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்