துப்பறியும் தொடர் இரசிகர் வட்டம், திருகோணமலை: 2024ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, போஷகர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, நேரம் ஒதுக்கி வந்திருக்கும் அங்கத்தவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

2024ஆம் ஆண்டுக்கான அறிக்கையைச் சபை முன் வைக்கிறேன். சென்ற பொதுக்கூட்டத்தின் அறிக்கை வாசிக்கப்பட்டுத் திருத்தமின்றி ஏற்றுக்கொள்ளப்பட்டது. நிர்வாகக் குழு தேவைக்கேற்பக் கூடியது. பொங்கல் ஒன்றுகூடல் வழமைபோல் நடந்தது. ஏப்ரலில் நாங்கள் கூடும் இரண்டாம் ஞாயிறு புத்தாண்டு விடுமுறையோடு வந்ததாலும், நோன்புப் பெருநாளும் அதே வாரத்தில் விழுந்ததாலும் அந்த மாதம் கூட்டம் இல்லை. செப்டெம்பரில் ஜனாதிபதித் தேர்தல், நவம்பரில் பொதுத் தேர்தல். இரண்டு மாதமும் வருகை குறைவு. நவம்பர் கடைசி மழையில் மண்டபத்துக்குள் தண்ணீர் வந்தது. பொருட்களுக்குச் சேதமில்லை. டிவிடிகள் என் வீட்டில் இருந்தன.

இந்த ஆண்டுக்கு எடுத்துக்கொண்ட பொருள் 'வழமைக்கு மாறான துப்பறிவாளர்கள்'. இதை முன்மொழிந்தவன் நான், வழிமொழிந்தவர் உப தலைவர். ஆண்டின் முற்பகுதியில் அகதா கிறிஸ்டியின் கதைகளை வைத்து பிபிசி எடுத்த மிஸ் மார்பிள் பார்த்தோம். ஜோன் ஹிக்சன் அம்மையார் 1984இல் அந்த வேடத்தைத் தொடங்கியபோது அவருக்கு வயது 78. ஒரு மூலையில் இருந்து பின்னல் வேலை செய்யும் கிழவிக்கு என்ன தெரியப்போகிறது என்று ஊரே நினைக்க, அந்த நினைப்பையே அவர் தன் வசதியாக்கிக்கொள்வதை எங்கள் மூத்த பெண் அங்கத்தவர்கள் மிகவும் இரசித்தார்கள். டேவிட் சுஷே துப்பறிவாளராக நடித்த புவாரோ தொடரில் இரண்டு அத்தியாயம். உவர்மலை அங்கத்தவர்கள் நீண்டகாலமாகக் கேட்டுவந்த பியோம்கேஷ் பக்‌ஷியும் ஒரு மாதம் காட்டப்பட்டது. 1993இல் தூர்தர்ஷனுக்காக பாசு சட்டர்ஜி இயக்கியது. வேட்டி கட்டிக்கொண்டு, தன்னைத் துப்பறிவாளர் என்று சொல்லிக்கொள்ள விரும்பாமல் 'உண்மையைத் தேடுபவன்' என்று சொல்லிக்கொள்ளும் மனிதர். நல்ல வரவேற்பு.

அடுத்தது கொலம்போ என்ற அமெரிக்கப் பொலிஸ் துப்பறிவாளரின் தொடர். இதைப்பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வட்டத்துக்கு வெளியேயும் பேச்சு அடிபட்டது இதைப்பற்றித்தான்.

இலண்டனில் இருக்கும் எமது அங்கத்தவர் ஒருவரின் மகன் முழுத்தொகுப்பையும் அன்பளிப்பாக அனுப்பியிருந்தார். அவருக்கு வட்டத்தின் நன்றி. ஜூன் மாதம் அதில் ஓர் அத்தியாயத்தை முதன்முதலாகப் போட்டோம். இருபது நிமிடம் போயிருக்காது, கொலை நடந்தது, கொலைகாரன் யாரென்றும் தெரிந்துவிட்டது. "ஆளை முதலிலேயே காட்டியாயிற்று, இனி இருந்து என்னத்தைப் பார்க்கிறது?" என்று சொல்லிவிட்டு முன்வரிசையில் நான்கைந்து பேர் எழுந்து போய்விட்டார்கள். அடுத்த மாதமும் அவர்கள் வரவில்லை. செயலாளருக்குத் தெரிவு செய்யத் தெரியவில்லை என்று வட்ஸ்அப் குழுவிலும் எழுதப்பட்டது. அதற்கு நான் குழுவில் பதில் எழுதவில்லை. பொதுச்சபையில் சொல்வதே முறை என்று காத்திருந்தேன்.

ரிச்சர்ட் லெவின்சன், வில்லியம் லிங்க் என்ற இருவரும் இந்தத் தொடரை அப்படித்தான் அமைத்தார்கள். கொலைகாரன் யார் என்பது அதில் கேள்வியே இல்லை. எல்லாவற்றையும் யோசித்து, காசும் கல்வியும் செல்வாக்கும் உள்ள ஒருவன் செய்த கொலை எந்த இடத்தில் பிசகியது என்பதுதான் கேள்வி. 1968இல் ஒரு தொலைக்காட்சிப் படமாகத் தொடங்கி, 1971 முதல் 1978 வரை என்பிசியிலும், 1989 முதல் 2003 வரை ஏபிசியிலும் மொத்தம் 69 அத்தியாயங்கள் வந்திருக்கின்றன. பார்க்க ஒன்றுமில்லாத தொடரை இத்தனை காலம் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

கொலம்போவாக நடித்த பீற்றர் ஃபால்க்கின் அந்தக் கசங்கிய மழைக்கோட்டு அவருடைய சொந்தக் கோட்டு. ஓட்டை பீஜோ 403 காரை ஸ்ரூடியோவில் நின்ற வாகனங்களுக்குள் அவரே தெரிந்தெடுத்தார். சுருட்டு, தலையைச் சொறிவது, கடைசிவரை கண்ணில் காட்டப்படாத மனைவியைப் பற்றிய கதைகள், வாசல்வரை போய்விட்டு "இன்னும் ஒரே ஒரு விடயம்" என்று திரும்பி வருவது. இவையெல்லாம் சிரிப்புக்காக ஒட்டவைத்த கோணங்கித்தனம் என்று ஓர் அங்கத்தவர் சொன்னார். நான் அதை மறுக்கிறேன். அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் மாளிகைக்காரன் அவரை ஒரு பொருட்டாக எடுப்பதில்லை. பொருட்டாக எடுக்காதபடியால்தான் வாயைத் திறக்கிறான். அந்தக் கோட்டைக் கழற்றிவிட்டு நல்ல சூட் ஒன்றை மாட்டிவிட்டால் அவருக்கு ஒரு வழக்கும் பிடிபடாது. மார்பிள் அம்மையாரின் பின்னல் ஊசியும் இதே வேலையைத்தான் செய்கிறது. விசித்திரமான துப்பறிவாளர் என்று நாங்கள் சொல்லும் எல்லோரிடமும் அந்த விசித்திரமே கருவி. இந்த ஆண்டு முழுவதும் நான் அங்கத்தவர்களுக்குக் காட்ட முயன்றது இதைத்தான்.

எழுந்துபோனவர்களில் சிலருக்கு உண்மையான தடை ஆங்கிலம் என்பதை விசாரித்து அறிந்தேன். அதைச் சபையில் சொல்லக் கூச்சம். அதனால் ஜூலை முதல் ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் தமிழ்க் குறிப்புத்தாள் ஒன்று தயாரிக்கத் தொடங்கினேன். ஒரு பக்கத்தில் பாத்திரங்களின் பெயர், யாருக்கு யார் என்ன முறை, கதை நடக்கும் இடம், விளங்கக் கடினமான பேச்சுகளின் சாரம். மறுபக்கம் வெறுமை. முடிவுக்குக் கால்மணி முன்னர் படத்தை நிறுத்துவோம். எங்கே பிசகியது என்று ஒவ்வொருவரும் அந்த வெறும் பக்கத்தில் எழுத வேண்டும். பிறகுதான் மிச்சத்தைப் போடுவோம்.

இதன் பலனை ஓர் உதாரணத்தால் சொல்கிறேன். வாராந்தத் தொடராக வரத் தொடங்கிய 1971 செப்டெம்பரில் ஒளிபரப்பான முதலாவது அத்தியாயம். அப்போது பெரிதாக யாருக்கும் தெரியாதிருந்த ஸ்டீவன் ஸ்பீல்பேர்க் இயக்கியது. சேர்ந்து துப்பறியும் நாவல் எழுதும் இரண்டு நண்பர்களில் ஒருவர் மற்றவரைக் கொன்றுவிட்டு, பிணத்தைத் தன் வீட்டுப் புல்வெளியிலேயே போட்டுவிட்டுப் பொலிஸை அழைக்கிறார். நிறுத்திய இடத்தில் பலரும் துப்பாக்கி, தொலைபேசி என்று எழுதினார்கள். பாலையூற்றில் இருந்து வரும் ஓர் அம்மா மட்டும் பென்சிலால் இரண்டே வரி எழுதியிருந்தார்: "சிநேகிதன் செத்துக் கிடக்கிறான். இவன் வந்த கடிதங்களை உடைத்துப் பார்த்திருக்கிறான். எந்த மனுஷனுக்கு அந்த நேரத்தில் கடிதம் பார்க்க மனம் வரும்?" கொலம்போவை உறுத்தியதும் அதே கடிதங்கள்தான். அந்த அம்மாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. அந்தத் தாளை வட்டத்தின் ஆவணக் கோவையில் வைத்திருக்கிறேன், விரும்பியவர்கள் கூட்டம் முடிந்ததும் பார்க்கலாம். குறிப்புத்தாள் வீண்வேலை என்று சொன்னவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும்.

ஓகஸ்டில் காட்டிய வைன் தயாரிப்பாளரின் கதை (1973) எமது ஊருக்கென்றே எடுத்ததுபோல் அமைந்துவிட்டது. குளிரூட்டி நிறுத்தப்பட்ட அறையில் வெக்கைபட்டு வைன் கெட்டுப்போகிறது. அது கெட்டுவிட்டது என்பதைச் சுவைத்துச் சொல்லக்கூடிய நாக்கு கொலைகாரனுடையதுதான். அவனுடைய புலமையே அவனைக் காட்டிக்கொடுக்கிறது. அன்று மண்டபத்தில் ஒரு மின்விசிறியும் வேலை செய்யவில்லை. வந்தவர்களில் ஒருவர்கூட நடுவில் எழுந்து போகவில்லை. அந்தக் கொலைகாரன்மேல் கொலம்போவுக்கு வரும் மரியாதையைப் பற்றி வாசலில் நின்றுகூடப் பேசிக்கொண்டிருந்தார்கள். அன்று குறிப்புத்தாள் எல்லோருக்கும் கிடைக்கவில்லை என்பது உண்மை. படலைக்குள் வைத்திருந்த தாள்கட்டில் பாதியை ஊருக்குள் திரியும் மான்கள் தின்றுவிட்டன. அடுத்த மாதம் முதல் தாள்கள் உள்ளே அலுமாரியில் வைக்கப்படுகின்றன.

ஒக்டோபரில் மொங்க் தொடர் பார்த்தோம். டோனி ஷலூப் நடித்தது, 2002 முதல் 2009 வரை 125 அத்தியாயங்கள். எதைக் கண்டாலும் நேராக்கி அடுக்க வேண்டும், யாருக்காவது கைகொடுத்தால் உடனே துடைக்க வேண்டும் என்ற மனநோயுடைய முன்னாள் பொலிஸ் அதிகாரி. கார்க்குண்டில் மனைவியை இழந்த துயரில் உடைந்துபோனவர். எங்கேயாவது ஒரு பொருள் இடம் மாறியிருந்தால் அவர் கண்ணில் படாமல் போகாது. படம் முடிந்ததும் ஓர் அங்கத்தவர் எழும்பி, தன் வீட்டிலும் இந்த நோயுள்ள ஒருவர் இருப்பதாகவும், சபை சிரித்த சில இடங்களில் தன்னால் சிரிக்க முடியவில்லை என்றும் சொன்னார். மண்டபம் அமைதியாகிவிட்டது. எமது வட்டத்தில் இத்தனை ஆண்டுகளில் நடந்த கலந்துரையாடல்களில் ஆகச் சிறந்தது அன்றையது என்பது என் கருத்து. அந்தத் தொடர் சில இடங்களில் லேசான சிரிப்புக்காக நோயைப் பயன்படுத்துகிறது, அதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வரமும் அதுதான், வதையும் அதுதான் என்று மொங்க் சொல்லும்போது ஷலூப்பின் முகத்தைப் பார்த்தால், அவர் யாரையும் கேலி செய்யவில்லை என்பது தெரியும். மனைவியின் கொலைக்கு விடை கடைசி அத்தியாயத்தில்தான் கிடைக்கிறது. அதுவரை எட்டுப் பருவமாக அந்த மனிதர் சுமக்கும் பாரத்தைச் சிரிப்பென்று சொல்ல முடியாது. எழும்பிப் பேசிய அந்த அங்கத்தவர் தொடர்ந்து வரவேண்டும் என்று இந்தச் சபையில் கேட்டுக்கொள்கிறேன்.

இனி வருகையும் சந்தாவும்.

பெயர்ப் பட்டியலில் இருப்பவர்களில் பாதிப்பேரைத்தான் கூட்டங்களில் காண்கிறோம். கிண்ணியா அங்கத்தவர்கள் இரண்டு பஸ் மாறி வருகிறார்கள், அஸர் தொழுகை இடைவேளை முடிந்ததும் அவர்கள்தான் முதலில் வந்து கதிரையில் உட்காருகிறார்கள். ஏகாம்பரம் வீதியிலிருந்து நடந்தே வரக்கூடியவர்களுக்கு ஞாயிறு மூன்று மணிக்குத்தான் வேறு வேலை வருகிறது. வீட்டில் நெற்ஃபிளிக்ஸ் இருக்கிறது, அங்கேயே பார்த்துக்கொள்கிறோம் என்கிறார்கள் சிலர். பார்க்கட்டும். பார்த்துவிட்டு முடிவை வட்ஸ்அப் குழுவில் போடுவதைத்தான் பொறுக்க முடியவில்லை. புவாரோ காட்டுவதற்கு முதல்நாள் இரவு அப்படி நடந்தது. பல மாதங்களாகக் கூட்டத்துக்கு வராத ஒருவர் செய்தது. மற்றவர்களின் ஒரு பின்னேரத்தை வீணாக்கும் உரிமை யாருக்கும் இல்லை.

மாதச் சந்தா 200 ரூபா. இன்றைய விலைவாசியில் அது இரண்டு ரோல்ஸும் ஒரு பிளேன்ரீயும். நிலுவை வைத்திருப்பவர்களின் பட்டியலைப் பெயரோடு வாசிக்கலாமா என்று நிர்வாகக் குழுவில் ஆராயப்பட்டது. தலைவர் ஐயா வேண்டாம் என்றார், அவருடைய சொல்லுக்குக் கட்டுப்படுகிறேன். ஆனால் சந்தா கட்டாதவர்கள் இடைவேளைச் சிற்றுண்டிக்கு மட்டும் தவறாமல் வருவது, ஒழுங்காகக் கட்டும் ஓய்வூதியக்காரர்களுக்கு மனவருத்தம் தருகிறது என்பதைப் பதிவு செய்ய வேண்டியது என் கடமை.

கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியாகச் சமர்ப்பிப்பார். சுருக்கமாகச் சொன்னால், வரவும் செலவும் ஏறத்தாழச் சமமாக நிற்கின்றன, கையிருப்பு திருப்திகரம் என்று சொல்லும் அளவுக்கு இல்லை. மண்டப வாடகைதான் பெரிய செலவு. போட்டோக்கொப்பிச் செலவு கூடிவிட்டது என்று பொருளாளர் அக்கா குறிப்பிட்டிருக்கிறார். கூடியது உண்மைதான். ஆனால் அந்தச் செலவில்தான் ஆங்கிலம் விளங்காத அங்கத்தவர்கள் முதல்முறையாகக் கலந்துரையாடலில் வாய் திறந்தார்கள். செப்டெம்பர் முதல் தாள் செலவில் ஒரு பகுதியை நானே ஏற்றுக்கொண்டேன். அதைத் திருப்பிக் கேட்கவில்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். மண்டபம் தந்த ரியூட்டரி நிர்வாகத்துக்கு, மழைநாளில் கதிரைகளை மேலே ஏற்றிய இளைஞர்களுக்கு, தேநீர்ப் பொறுப்பாளருக்கு, கணக்காய்வாளருக்கு, ஆலோசனை வழங்கிய போஷகர் அவர்களுக்கு, எல்லோருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டுக்கு பிபிசியின் லுட்விக் தொடரை முன்மொழிகிறேன். 2024 செப்டெம்பரில்தான் வெளிவந்தது. வீட்டைவிட்டு வெளியே வர விரும்பாத ஒரு புதிர் தயாரிப்பாளர், காணாமல்போன தன் இரட்டைச் சகோதரரான பொலிஸ் அதிகாரியின் இடத்தில் ஆள்மாறாட்டம் செய்து, கொலை வழக்குகளையும் புதிர்போலவே அவிழ்க்கிறார். டேவிட் மிட்செல் நடித்திருக்கிறார். பிரெண்டா பிளெதின் நடித்த வேரா தொடரும் பட்டியலில் இருக்கிறது. அத்துடன் கொலம்போவையும் தொடர வேண்டும் என்பது என் கோரிக்கை. இன்னும் எவ்வளவோ அத்தியாயங்கள் பெட்டியில் கிடக்கின்றன.

ஆனால் சபை சில நிலைமைகளை அறிந்திருக்க வேண்டும். புரொஜெக்டரின் விளக்கு மங்கிவிட்டது. இரவுக் காட்சிகளில் கொலம்போவின் கோட்டும் சுவரும் ஒரே நிறமாகத் தெரிகின்றன. புது விளக்கு வாங்க இருக்கும் பணம் போதாது. குறிப்புத்தாள் ஒன்று தயாரிக்க ஒரே அத்தியாயத்தைப் பலமுறை நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டும். எனக்கும் வயது போகிறது. தட்டச்சுத் தெரிந்த ஓர் இளையவர் பக்கத்தில் இருந்தால் நன்றாக இருக்கும். செயலாளர் பதவிக்கு வேறு யாராவது முன்வந்தால் மகிழ்ச்சியோடு வழிவிடுவேன், கோவைகள் எல்லாம் ஒழுங்காக அடுக்கிக் கட்டப்பட்டிருக்கின்றன. ஒருவரும் முன்வராவிட்டால் தொடர்ந்து செய்ய எனக்கு மனமுண்டு. குறிப்புத்தாள் நிறுத்தப்படக் கூடாது என்பது மட்டுமே என் நிபந்தனை.

சந்தாப் புத்தகம் பொருளாளர் அக்காவின் மேசையில் இருக்கிறது. தேநீருக்குப் போகும் வாசலுக்குப் பக்கத்திலேயே மேசையைப் போட்டிருக்கிறோம். நிலுவையைப் பகுதி பகுதியாகவும் கட்டலாம்.

இங்ஙனம்,
செயலாளர்